வண்பரிசாரமும் வாட்டாறும்: நெஞ்சின் கவலை தீரும் வழி

ஸ்ரீ:
ஸ்ரீமதே சடகோபாய நம:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

மலைநாட்டுத் திருப்பதிகள் பதின்மூன்றில் இரண்டு இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளன. ஒன்று திருவண்பரிசாரம், இப்போது திருப்பதிசாரம் என வழங்குவது. மற்றொன்று திருவாட்டாறு. இரண்டையும் மங்களாசாஸனம் செய்தருளியவர் ஸ்வாமி நம்மாழ்வார். கவலையால் உறக்கம் இழந்த நெஞ்சுக்கு இவ்விரு திவ்யதேசத்துப் பாசுரங்களும் சேர்ந்து ஒரு மருந்தாக அமைகின்றன. அதனைப் பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் அநுபவிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையடிவாரத்தில் ஒரு விடியற்காலை

இவ்விரு தலங்களுக்கும் வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கீரிப்பாறை என்னும் சிற்றூர் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாக அங்கே செல்லலாம். ஊரைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். அங்கே பால் வெட்டும் தொழிலாளர் விடிவதற்கு முன்பே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரங்களிடையே செல்வர். பட்டையில் சரிவாகக் கோடு கீறி, வடியும் பாலைச் சிரட்டையில் ஏந்துவர். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். மழை பெய்தால் வெட்ட இயலாது. வெட்டி முடித்தபின் மழை பெய்தால் சிரட்டையில் சேர்ந்த பாலும் நீரோடு போய்விடும். ஆகவே அவர்கள் எழுந்தவுடன் முதலில் வானத்தைப் பார்க்கிறார்கள்.

கவலை என்பதன் உருவம் இதுதான். நம் கையில் ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையின் பலன் நம் கையில் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் மனம் அலைகிறது. கீரிப்பாறையில் அது மழைமேகமாக வருகிறது. அயல்நாட்டில் வாழும் அடியார் ஒருவருக்கு அது மருத்துவமனையிலிருந்து இன்னும் வாராத சோதனை முடிவாக வரலாம். ஊரில் தனித்திருக்கும் தாயாரைப் பற்றி நள்ளிரவில் ஒலிக்கும் தொலைபேசியாக வரலாம். இடம் வேறு, தன்மை ஒன்றே.

அந்தக் கவலை வீணானது என்று எளிதில் சொல்லிவிடவும் முடியாது. 2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியபோது, ரப்பர் மரங்களும் வாழைகளும் பெருமளவில் சாய்ந்தன. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. ரப்பர்க் கன்றை நட்டால் அது பால் வெட்டும் பருவத்துக்கு வர ஏறக்குறைய 7 ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகளின் உழைப்பு ஒரே நாளில் சாய்ந்தது. அஞ்சியது நிகழவே நிகழாது என்று நம் ஸம்ப்ரதாயம் ஒருநாளும் சொன்னதில்லை. அது சொல்வது வேறு. அதைக் காண மலையிலிருந்து இறங்கித் திருவண்பரிசாரத்துக்கு வரவேண்டும்.

தாயின் கவலை

திருவண்பரிசாரம் நம்மாழ்வாரின் திருத்தாயாரான உடையநங்கையார் பிறந்த ஊர். திருக்குருகூர்க் காரியாருக்கு வாழ்க்கைப்பட்டு, திருக்குறுங்குடி எம்பெருமானை வேண்டிப் பெற்ற பிள்ளை ஆழ்வார். பிறந்த குழந்தை அழவில்லை, பால் உண்ணவில்லை, கண் திறக்கவும் இல்லை. குழந்தை அழுதால் கவலைப்படுவது தாய்மாரின் இயல்பு. அழாத குழந்தையைப் பெற்ற தாயின் கவலைக்கு அளவு சொல்ல இயலுமா?

அப்பெற்றோர் செய்ததைக் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பன்னிரண்டாம் நாள் குழந்தையை ஆதிநாதப் பெருமாள் ஸந்நிதிக்கு எடுத்துச் சென்று, அவன் திருமுன்பே விட்டார்கள். திருப்புளியின் அடியிலே பதினாறு ஆண்டுகள் ஆழ்வார் மௌனமாக எழுந்தருளியிருந்தார். மதுரகவிகள் வந்து வினவும்வரை அவர் வாய் திறக்கவில்லை. அந்தப் பதினாறு ஆண்டுகளில் பெற்றோருக்கு எந்த விளக்கமும் கிடைக்கவில்லை. பிள்ளை என்ன ஆவான் என்பதை அறியாமலே அவனை எம்பெருமானிடத்தில் வைத்திருந்தார்கள்.

இங்கு ஒன்றை நோக்கவேண்டும். அவர்கள் குழந்தையைக் கைவிடவில்லை, உரியவனிடத்தில் ஒப்படைத்தார்கள். கைவிடுதல் அன்பற்றவர் செயல். ஒப்படைத்தல் உரியவனை அறிந்தவர் செயல். புறத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். கவலையை எம்பெருமானிடம் விடுவது என்றால் அக்கறையை விடுவது என்று சிலர் மயங்குவதற்கும் காரணம் இதுவே.

ஆழ்வார் கொண்ட கவலை

அத்தாயின் ஊரில் வீற்றிருந்த திருக்கோலத்தில் ஸேவை ஸாதிக்கும் பெருமானுக்குத் திருவாழ்மார்பன் என்று திருநாமம். திருவாய்மொழி எட்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் ஏழாம் பாசுரத்தில் ஆழ்வார் இவனை அநுபவிக்கிறார். அப்பாசுரத்தின் கருத்து இது: வண்பரிசாரத்துக்கு வருவாரும் அங்கிருந்து போவாரும் பலர் உளர். அவர்களில் ஒருவரும் திருமகள் வாழும் திருமார்பனிடம் அடியேனைப் பற்றிச் சொல்லவில்லை. உமது சக்கரத்தையும் சங்கையும் சுமந்துகொண்டு உமக்கு ஒரு பக்கத்திலே கூடவே திரிய ஓர் அடியான் உளன் என்று அவர்கள் சொல்லலாகாதா?

துன்பப்படுகிறவர் ஒருவர் பெருமாளுக்குச் சொல்லி அனுப்பும் செய்தி எவ்வாறு இருக்கும்? என் பிணியைச் சொல்லுங்கள், என் கடனைச் சொல்லுங்கள், என் பிள்ளையின் நிலையைச் சொல்லுங்கள் என்றுதானே இருக்கும். ஆழ்வாரின் செய்தியில் அவை ஒன்றும் இல்லை. உமக்குத் துணையாக நான் இருக்கிறேன் என்பதே செய்தி. எதிரிகள் நிறைந்த இவ்வுலகில் எம்பெருமான் தனியே திரிகிறானே, அவன் திருமேனியின் மென்மை என்ன ஆகும், ஆயுதங்களைத் தானே சுமக்கிறானே என்று ஆழ்வார் அஞ்சுகிறார். இத்திருவாய்மொழி முழுதும் ஓடுகிற உணர்வு இவ்வச்சமே.

ஸர்வரக்ஷகனுக்கு ஒரு தீங்கு வருமோ என்று அஞ்சுவது பொருந்துமோ என்னும் கேள்வி எழும். பூர்வாசார்யர்கள் இதற்குச் சொன்ன விடை நாம் அறிந்ததே. ஞான தசையில் நின்று பார்த்தால் அவன் காப்பவன், நாம் காக்கப்படுபவர். ப்ரேம தசையில் அந்த முறை தலைமாறிவிடும். அவனுடைய ஸௌந்தர்யத்திலும் ஸௌகுமார்யத்திலும் ஈடுபட்ட உள்ளம் அவனுடைய ஆற்றலை மறந்து, அவனுக்குக் காப்பிடத் தொடங்கும். மல்லரை வென்ற தோள்களைக் கண்டு பெரியாழ்வார் பல்லாண்டு பாடியதும் இவ்வாறே.

கவலையில் இருக்கும் நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? மனத்தை வெறுமையாக்கி அமைதி தேடும் வழியை ஆழ்வார் காட்டவில்லை. அவருக்கும் அச்சம் உண்டு, உறக்கமின்மை உண்டு. ஆனால் அவர் அச்சத்தின் பொருள் மாறிவிட்டது. தன்னைப் பற்றிய அச்சம் இருந்த இடத்தில் அவனைப் பற்றிய பரிவு வந்து அமர்ந்தது. முதலையின் வாயில் அகப்பட்ட கஜேந்திரனின் துயரம் உடலைப் பற்றியதன்று. கையில் இருந்த மலர் திருவடியில் சேருமுன் வாடிவிடுமே என்பதைப் பற்றியது என்று பெரியோர்கள் விரித்துரைப்பதும் இக்கருத்தை ஒட்டியதே.

திருவாழ்மார்பன் என்னும் திருநாமத்திலும் ஓர் ஆறுதல் உண்டு. செய்தி சொல்வார் இல்லையே என்று ஆழ்வார் வருந்தினாலும், செய்தியைக் கேட்பிக்கும் பிராட்டி அந்தத் திருமார்பிலேயே இருக்கிறாள். புருஷகாரம் செய்பவள் அவனைவிட்டு அகலாமல் இருக்கையில், சொல்ல ஆள் இல்லாத நிலையும் அடியாருக்கு உண்மையில் இல்லை.

பிள்ளை லோகாசார்யர் வாழ்ந்து காட்டியது

ஆழ்வார் பாடியதை ஓர் ஆசார்யர் தம் வாழ்நாளின் இறுதியில் வாழ்ந்து காட்டினார். 1323ஆம் ஆண்டில் திருவரங்கத்தின் மீது தில்லிப் படை வந்தபோது, பிள்ளை லோகாசார்யர் மிகவும் முதிர்ந்த பிராயத்தில் இருந்தார். அவர் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு சில அடியார்களோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியில் கள்வர் பொருள்களைப் பறித்தனர். மதுரைக்கு அருகில் உள்ள ஜ்யோதிஷ்குடியில் அவர் பரமபதம் அடைந்தார். நம்பெருமாள் பல இடங்களில் எழுந்தருளியிருந்து, 1371இல் திருவரங்கம் திரும்பினார். 48 ஆண்டுகள் கழிந்த அந்தத் திரும்புகாலை ஆசார்யர் திருக்கண்களால் காணவில்லை.

இவரே முமுக்ஷுப்படியில் சரம சுலோகத்துக்குப் பொருள் விரித்தவர். அர்ஜுனனுடைய சோகத்தில் தொடங்கிய கீதையைக் கண்ணன் வருந்தாதே என்று கூறி முடிக்கிறான். அதற்கு ஆசார்யர் காட்டும் காரணங்கள் எளியவை, ஆழமானவை. உன் காரியத்தை நடத்திக்கொள்ளும் உரிமை உனக்கு இல்லை. உன்னைக் காப்பது என் காரியம். அதில் நான் முனைந்திருக்கிறேன். ஆகவே நீ துயருறுவதற்குக் காரணம் இல்லை. கருத்தளவில் இதுவே அவர் அருளியது.

வருந்தாதே என்று உபதேசித்தவர், நம்பெருமாளுக்கு என்ன நேருமோ என்று முதுமையில் காடும் மலையும் கடந்தார். இதில் முரண் இல்லை. தம்மைப் பற்றிய கவலை அவரிடம் இல்லாமையால்தான், அந்த வயதில் அவரால் அப்படி நடக்க முடிந்தது. தம் உடலுக்கு என்ன ஆகும் என்று எண்ணியிருந்தால் அவர் புறப்பட்டிருக்கவே மாட்டார். பாரத்தை அவன்பால் வைத்தவர் செயலற்று அமர்வதில்லை, அஞ்சாமல் செயல்படுகிறார்.

வாட்டாற்றில் காத்திருப்பவன்

திருவண்பரிசாரத்தில் அடியவன் எம்பெருமானுக்காகக் கவலைப்பட்டான். அதே மாவட்டத்தின் மேற்கே, கோதையாறும் பறளியாறும் பாயும் திருவாட்டாற்றில் என்ன நிகழ்கிறது? பத்தாம் பத்து ஆறாம் திருவாய்மொழி முழுதும் இத்தலத்து ஆதிகேசவனைப் பற்றியது. முதல் பாசுரத்திலேயே ஆழ்வார் தம்மை அடியார்க்கு அடியவனாகச் சொல்லிக்கொண்டு, சக்கரத்தை ஏந்திய பெருமான் தமக்கு அருள் தருவதற்கு ஒருப்பட்டு நிற்கிறான் என்று தெரிவிக்கிறார். அடுத்துத் தம் நெஞ்சை விளித்து, கேட்டாயா என்று வினவுகிறார். நெடுங்காலம் தம்மோடு சேர்ந்து துடித்த நெஞ்சுக்கு முதலில் நற்செய்தி சொல்கிறார்.

இத்திருவாய்மொழியின் வ்யாக்யானங்கள் காட்டும் நிலை வியப்பானது. ஆழ்வாரைப் பரமபதத்துக்கு அழைத்துச் செல்ல எம்பெருமான் விரைகிறான். ஆயினும் ஆழ்வாரின் இசைவைப் பெறாமல் செய்ய மாட்டாமல், அவர் விதித்தபடி செய்பவனாகக் காத்து நிற்கிறான். முன்பெல்லாம் ஆழ்வார் கதறினார், அவன் தாழ்த்தான். இங்கே அவன் துடிக்கிறான், ஆழ்வார் இசைவு தர வேண்டும். அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் திருவாட்டாற்றுக்கு உரிய குணமாக இந்த ப்ரணத பாரதந்த்ர்யத்தையே, அதாவது பணிந்தவர்க்கு வசப்பட்டிருக்கும் தன்மையையே, எடுத்துக் காட்டினார்.

இரு தலங்களையும் சேர்த்துப் பார்ப்போம். வண்பரிசாரத்தில் ஆழ்வாருக்கு எம்பெருமானைப் பற்றிய கவலை. வாட்டாற்றில் எம்பெருமானுக்கு ஆழ்வாரைப் பற்றிய கவலை. ஒருவரைப் பற்றி மற்றவர் கவலைப்படும் இந்த உறவில், ஒருவன் தன்னைப் பற்றித் தானே கவலைப்படுவதற்கு இடம் எங்கே இருக்கிறது? நம் கவலை அறிவுரையால் அதட்டி அடக்கப்படுவதில்லை. நம்மினும் மிகுதியாக நம்மைப் பற்றி நினைப்பவன் ஒருவன் உளன் என்று தெளியும்போது, நாம் அதைச் சுமக்கவேண்டிய தேவை நீங்குகிறது.

திருவாட்டாற்றுப் பெருமான் புஜங்க சயனத்தில், மூன்று வாசல்கள் வழியே ஸேவிக்கும்படி நீண்டு பள்ளிகொண்டிருக்கிறான். இக்கோயிலின் மஹாஸம்ப்ரோக்ஷணம் 2022 ஜூலை 6ஆம் நாள் நடைபெற்றது. 418 ஆண்டுகளுக்குப் பின் நடந்தது என்று அப்போது பேசப்பட்டது. அந்த இடைக்காலத்தில் எத்தனையோ தலைமுறையினர் இக்கோயிலில் வணங்கி, கைங்கர்யம் செய்து, அந்த விழாவைக் காணாமலே மறைந்தனர். அவர்களுடைய வணக்கம் வீணானதா? திருவரங்கத்தின் திரும்புகாலைக் காணாத பிள்ளை லோகாசார்யரின் கைங்கர்யம் குறைபட்டதா? பலனை நம் காலக் கணக்கில் காண்பது விச்வாஸத்துக்கு நிபந்தனையாகாது.

அஞ்சியது நிகழ்ந்துவிட்டால்?

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். அவனை நம்பியிருந்தும் மரம் சாய்ந்ததே. சோதனை முடிவு தீயதாகவே வந்ததே. அப்போது என் செய்வது?

நம் பெரியோர்கள் இதில் தெளிவாகப் பிரித்துக் காட்டியுள்ளனர். ஆத்மாவின் போக்கு எம்பெருமானுக்கு அதீனம். தேஹத்தின் போக்கு கர்மத்துக்கு அதீனம். சரம சுலோகத்தில் அவன் தந்த வாக்கு, தன்னை அடைவதற்குத் தடையான பாபங்கள் எல்லாவற்றிலிருந்தும் விடுவிப்பேன் என்பதாகும். புயல் வீசாது, நோய் வாராது என்பது அவ்வாக்கில் இல்லை. இல்லாத வாக்கை இருப்பதாகக் கொண்டு, அது பொய்த்தது என்று அவன்மேல் குறை காண்பது நம் பிழையாகும். உள்ள வாக்கோ எந்தப் புயலிலும் சாயாதது.

மலைநாட்டின் மற்றொரு திருப்பதியான திருவித்துவக்கோட்டை அநுபவித்த குலசேகராழ்வாரும், மருத்துவன் கத்தியால் அறுத்தாலும் நெருப்பால் சுட்டாலும் அவனிடம் அன்பு மாறாத நோயாளியைத் தமக்கு உவமையாக்கினார். வலி இல்லை என்று அவர் சொல்லவில்லை. வலிக்கும்போதும் போகவேண்டிய இடம் வேறு இல்லை என்று சொன்னார். இதுவே ப்ரபத்தியின் அங்கங்களுள் ஒன்றான மஹாவிச்வாஸம்.

அந்த விச்வாஸம் குலைவது எவ்வாறு என்பதற்கும் ஓர் உதாஹரணம் நம் ஸம்ப்ரதாயத்தில் உண்டு. இந்திரஜித்து ப்ரஹ்மாஸ்த்ரத்தால் அனுமனைக் கட்டினான். அதை நம்பாத அரக்கர்கள் மேலும் கயிறுகளைக் கொண்டுவந்து கட்டினர். வேறொரு கட்டைப் பொறாத அஸ்த்ரம் தானே விலகிற்று. அவன் திருவடிகளில் பாரத்தை வைத்தபின், இரவு முழுதும் அதே பாரத்தை மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்ப்பது, அந்த அஸ்த்ரத்தின்மேல் சணற்கயிற்றைச் சுற்றுவதை ஒக்கும்.

ஆயின் மருந்து உண்பதும், குடையெடுப்பதும், பிள்ளைகளுக்காகப் பொருள் சேர்ப்பதும் அந்தக் கயிறு ஆகுமோ என்று ஐயுறவேண்டா. அவை நமக்கு விதிக்கப்பட்ட கடமைகள். அவன் தந்த உடலையும் அவன் தந்த உறவுகளையும் பேணும் கைங்கர்யங்கள். மருத்துவரிடம் செல்வதும், மனநலம் குன்றியபோது அதற்குரிய மருத்துவத்தை நாடுவதும் விச்வாஸக் குறைவல்ல. செயல் கயிறாகாது, பலனை நானே பிடித்து நிறுத்துவேன் என்னும் எண்ணமே கயிறாகும்.

நாள்தோறும் செய்யத்தக்கது

கவலை மிகும் வேளையில் இந்த அர்த்தங்களை எவ்வாறு அநுஸந்திப்பது? முதலில், இன்று என் கையில் உள்ள கடமை எது என்று தெளிந்து அதைச் செய்யவேண்டும். பிறகு, என் கையில் இல்லாததை அதன் பெயரைச் சொல்லியே பெருமாளிடம் விண்ணப்பிக்கவேண்டும். உடையநங்கையார் குழந்தையை ஸந்நிதியில் வைத்தது போல. அதன்பின், திருவண்பரிசாரத்துப் பாசுரத்தையும் திருவாட்டாற்றுத் திருவாய்மொழியையும் பொருளுணர்ந்து சேவிக்கலாம். கடைசியாக, பெருமாளுக்கோ பாகவதர்களுக்கோ ஒரு சிறு கைங்கர்யமேனும் செய்யவேண்டும். ஒரு மலர் மாலை தொடுக்கலாம். நம்மைப் போலவே கவலையில் இருக்கும் ஓர் அடியாரிடம் சென்று நலம் விசாரிக்கலாம். தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும் நினைவை அவன் பக்கம் திருப்புவதற்குக் கைங்கர்யத்தைக் காட்டிலும் எளிய வழி வேறு இல்லை. இவற்றைச் செய்தும் கவலை உடனே நீங்காமல் போகலாம். அதற்காகத் தன்னை நொந்துகொள்ள வேண்டா. ஆழ்வாரின் நெஞ்சுக்கே வாட்டாறு வரை வர நெடுங்காலம் ஆயிற்று.

நாளை விடியுமுன்னும் கீரிப்பாறையில் விளக்குகள் மரங்களிடையே நகரும். மழை வரலாம், வாராமலும் இருக்கலாம். பால் வெட்டுபவர் வானத்தைப் பார்ப்பதும் கத்தியைத் தீட்டுவதும் மாறப்போவதில்லை. அந்த மலையின் கீழே, அடியவனின் சொல்லைக் கேட்கத் திருமகளை மார்பில் வைத்து வண்பரிசாரத்தில் ஒருவன் வீற்றிருக்கிறான். அடியவனின் இசைவுக்காக வாட்டாற்றில் அவனே பள்ளிகொண்டிருக்கிறான். நாம் எந்த நாட்டில் விழித்திருந்தாலும், நமக்கு முன்பே நம்மைப் பற்றி விழித்திருப்பவன் அவன் என்று தேறி, அவன் திருவடிகளிலே பாரத்தை வைத்து நம் கடமையைச் செய்வோமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.